சுட்டெண்

மல்லாவியில் என் கடைக்குப் பெயர் இல்லை.
போட்டோக்கொப்பி என்று மட்டும் எழுதியிருக்கும்,
அதிலும் ஒரு புள்ளி வெயிலுக்கு உரிந்துபோயிற்று.

பெறுபேறு வருகிற இரவுகளில்
வாசலில் இருபது சைக்கிள் சாய்ந்து நிற்கும்.
சுட்டெண்ணை உள்ளங்கையில் எழுதி வருவார்கள்.
வியர்வையில் ஒரு மூன்று எட்டாகிவிடும்.
முகம் தெரியாத ஒருத்தியின் பெறுபேற்றுக்கு
இவன் அழுவான்.
நான் திரும்ப அடிப்பேன்.

இது அப்படி ஒரு இரவில்லை.
சும்மா ஒரு புதன்கிழமை, மத்தியானம்,
றோட்டில் நெல்லு லொறிகள் மட்டும்.
செவ்வேள் வந்தான். பெக்கோ ஓட்டுகிறவன்.
முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
"பிள்ளை, பழைய ஓஎல் றிசல்ற் எடுக்கலாமோ?"

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இயக்குநர் வேலையாம்,
ஆறு பாடம் வேணுமாம், அதில் கணக்கும் வேணுமாம்.
"நான் கணக்கில பெயில்," என்றான்,
இரத்த வகையைச் சொல்வதுபோல.

"பாத்தனீங்களோ?"

"இல்லை. றிசல்ற் வந்த அண்டைக்கு
செட்டிகுளத்தில தண்ணி வரிசையில நிண்டனான்.
பவுசர் வரப்போற நேரம்.
வாளியை விட்டிட்டுப் போக ஏலாது.
பிறகு ஆரிட்டயும் கேக்கேல்லை.
கடைசிக் கேத்திரகணிதம் பிழையெண்டு எனக்குத் தெரியும்தானே."

ஆனால் சுட்டெண் மனப்பாடம்.
எட்டு இலக்கத்தையும்
மூச்சுவிடாமல் சொன்னான்.

திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.
மல்லாவியில் அது நிறைய நேரம் சுற்றும்.
அந்த இடைவெளியில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
நான் ஒன்பது ஏ.
பள்ளிக்கூட மதிலில் இருபதடிப் பனர் கட்டினார்கள்.
இரட்டைப் பின்னல், என் சிரிப்பு,
கேதாரணி என்று என் தலையை விடப் பெரிய எழுத்தில்.
மாரி முடிய மாமா அதைக் கழற்றி
நெல்லுக் காயவிட விரித்தார்.
இப்போது ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை.
ஆடுகள் அண்ணாந்து பார்க்கிற நேரமெல்லாம்
நான் சிரித்தபடி இருக்கிறேன்.

உயர்தரத்தில் இசட் புள்ளி
தசத்துக்குப் பின்னால் இரண்டாம் தானத்தில் வழுக்கிற்று.
பக்கத்து மேசைக்காரி மருத்துவபீடம் போனாள்.
அவளுடைய சான்றிதழை நான்தான் லமினேற் செய்து கொடுத்தேன்,
ஒரு குமிழிகூட விழாமல்.
புள்ளிகள் வாழ்க்கைக்கு முக்கியமோ என்று
கடைக்கு வருகிறவர்கள் கேட்பதில்லை.
ஒரு பக்கம் எவ்வளவு என்று கேட்பார்கள்.
இருபது ரூபா.

திரை நிறைந்தது.
சமயம் ஏ. வரலாறு பி.
தமிழ் எஸ். விஞ்ஞானம் எஸ்.
கணிதம் சி.

"சி எண்டா?"

"திறமைச் சித்தி."

திரையைத் தொட்டான். எழுத்துக்குப் பக்கத்தில்
கொஞ்சம் வயல் ஒட்டிக்கொண்டது.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"பதினாறு வருசம்," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இவன் வெட்டின வாய்க்காலில்
தண்ணீர் ஒருநாளும் பின்னால் ஓடியதில்லை.
கயிறு பிடிக்காமல், கண்ணாலேயே
மூன்று ஏக்கரை மட்டம் பார்ப்பான்.
ஆனாலும் மாதக் கடைசியில்
முதலாளி கொப்பியை நீட்டினால்
"நீங்களே கூட்டுங்கோ, எனக்குக் கணக்கு வராது" என்று
காட்டின இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறான்.
மணித்தியாலங்கள், டீசல், கழிவு,
கழிவுக்குள் இன்னொரு கழிவு.
பதினாறு வருசத்தில் எத்தனை மாதக் கடைசி!
அதை நான் மனதுக்குள் பெருக்கத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

"ரெண்டு கொப்பி எடுங்கோ."

"ஒண்டு திணைக்களத்துக்கு. மற்றது?"

"முதலாளிக்கு."

இயந்திரம் சூடேறி இரண்டு தாளைத் துப்பியது.
மடிக்காமல், சேட்டுக்குள் நெஞ்சோடு வைத்தான்.
நூறு ரூபாத் தாள் தந்தான்.
மீதியைக் கொடுத்துவிட்டு
அடுத்த ஆளின் அடையாள அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.

வாசல்வரை போனவன் நின்றான்.
உள்ளங்கையை விரித்து
தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான்.

"பத்து ரூபா குறையுது, பிள்ளை."

குறைந்துதான் இருந்தது.